பேராசிரியர் பாத்திரோவுக்கு ஒரு கேள்வி

அந்தப் புதன்கிழமை காலை ஏழு மணி நாலு நிமிஷத்துக்கு, துருஸ்பெக் தன் மனைவியைக் கவிழ்ப்பது என்று முடிவு கட்டினார். ஆளை அல்ல. ஆளைக் கவிழ்க்கிற தைரியம் முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு நாளும் அவருக்கு வந்ததில்லை. அவள் பேரை மட்டும்.

காரணம் வாசலில் வந்து நின்றது. மேலத்தெரு உம்சுனாய், ஒரு கையில் தடியும் ஒரு கையில் முழங்காலுமாக.

"சலாம் அண்ணே."

"வாம்மா உம்சுனாய். முழங்கால்தானே? உள்ள வா, பாத்துருவோம்."

"ஐயோ, நீங்க சிரமப்படாதீங்கண்ணே. அக்கா இருக்காங்களா?"

"நான் இருக்கேனே!"

"தெரியுதுண்ணே. அக்கா இருக்காங்களான்னு கேட்டேன்."

துருஸ்பெக் ஒதுங்கி வழி விட்டார். முப்பத்தோரு வருஷம் கிர்கிஸ் மலைநாட்டில் கொச்கோர் வட்டாரத்துக்கே மாட்டு டாக்டராக இருந்தவர் அவர். மாட்டுக்கு மட்டுமா? மலைமேல் மேய்ச்சலுக்குப் போன இடத்தில் மனுஷனுக்கு வயிற்றுவலி என்றாலும் அவரைத்தான் எழுப்புவார்கள். கால் சுளுக்கா, காதில் சீழா, மாமியாருக்குக் காய்ச்சலா, "டாக்டரைக் கூப்பிடு!" அவரும் போவார். குதிரைக்குக் கொடுப்பதில் எட்டில் ஒரு பங்கு கொடுப்பார். யாரும் சாகவில்லை. அதனால் கெட்டிக்காரர் என்று பேர்.

இப்போது அறுபத்தாறு வயது. பென்ஷன். கொட்டகையில் ஏழு ஆடு. வாசலில் வருகிற கூட்டம் மட்டும் குறையவில்லை. ஆனால் அத்தனையும் மனைவி புருலுக்கு!

இந்த வினையை வாங்கி வந்தவரும் அவரேதான். போன வசந்தத்தில் ஊர் நூலகத்தில் ஓய்வு பெற்றவர்களுக்குக் கணினி, கைபேசி வகுப்பு என்று அறிவித்தார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் இரண்டு மணி நேரம். "போய்ட்டு வாயேன் புருல், வீட்டுலயே அடைஞ்சு கிடக்கியே" என்று அக்கறையாக அனுப்பி வைத்தார். அக்கறை புருல்மேல் இல்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் சிநேகிதன் டோக்டோவோடு பல்லாங்குழி மாதிரியான ஒன்பது குழி ஆடலாம், ஆட்டத்துக்கு நடுவே ஒரு மடக்கு ஊற்றிக்கொள்ளலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஆசைப்பட்டு ராஜ்ஜியத்தையே விட்டார்.

புருல் தபால் நிலையத் தொலைபேசி இணைப்பகத்தில் இருபத்தெட்டு வருஷம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள். எந்தக் கம்பியில் யார், எவர் பொய் சொல்கிறார், எவர் சொல்லாமல் அழுகிறார் என்பது மூச்சு வாங்குவதிலேயே அவளுக்குத் தெரியும். அந்தக் காதுக்கு இப்போது கண்ணும் முளைத்துவிட்டது. மருத்துவமனையில் விடியற்காலையில் போய் வரிசையில் நிற்காமல் கைபேசியிலேயே நேரம் குறிப்பது எப்படி, பென்ஷன் கணக்கை வீட்டிலிருந்தே பார்ப்பது எப்படி, மாத்திரைப் பெட்டியில் பொடி எழுத்தில் இருப்பதைப் பெரிதாக்கிப் படிப்பது எப்படி, எல்லாம் கற்றாள். கற்றதைத் தன்னோடு வைத்துக்கொண்டாளா? வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினாள். நூற்று நாற்பத்து மூன்று பேர், எல்லாரும் பென்ஷன்காரர்கள். தினமும் காலை ஏழு மணிக்கு ஒரே ஒரு உடல்நலச் செய்தி. அதற்குமேல் அனுப்ப மாட்டாள்.

அந்த ஒன்றையும் சும்மா அனுப்ப மாட்டாள். யார் சொன்னது, எப்போது சொன்னது, எத்தனை பேரிடம் சோதித்துப் பார்த்தது என்று மூன்று கேள்வி கேட்டு, மூன்றும் தேறினால்தான் ஏழு மணி. இந்த உம்சுனாய் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மருந்துக்கடையில் இரண்டு வேறு வேறு பெயரில் வாங்கிய மாத்திரை உண்மையில் ஒரே மருந்துதான் என்று பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடித்தது புருல். நான்கு மாதமாக இரட்டை அளவு விழுங்கிக்கொண்டிருந்தவளை நேரே டாக்டரிடம் கூட்டிப்போய் நிறுத்தினாள். அதிலிருந்து உம்சுனாய்க்கு அக்கா என்றால் அக்காதான். அண்ணன் வெறும் கதவு.

கதவு யோசித்தது. புருலின் மதிப்பு எதில் இருக்கிறது? தப்பான செய்தி அனுப்பாததில். அப்படியானால் ஒரே ஒரு தப்பான செய்தியை அவளை அனுப்ப வைத்துவிட்டால்? மறுநாள் சந்தையில், பத்துப் பேர் நடுவில், "என்னம்மா இது, நான் ஒரு டாக்டர் வீட்டில் இருக்கும்போது இப்படியா?" என்று கேட்டுவிட்டால்?

பெட்டியில் கிடந்த பழைய கைபேசியை எடுத்தார். ரகசியமாக ஒரு புது எண் வாங்கினார். ஆட்டுக் கொட்டகையில் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து, ஏழு ஆடுகளும் பார்த்துக்கொண்டிருக்க, மூன்று மணி நேரம் பாடுபட்டு ஒரு கடிதம் எழுதினார். எழுதியவர் பேர் பேராசிரியர் நூர்திலெக் பாத்திரோவ், தலைநகர். இப்படி ஓர் ஆள் உலகத்தில் இல்லை. அந்தப் பாத்திரத்தில் நடிக்கத் துருஸ்பெக் மட்டும் இருந்தார்.

செம்மறி ஆட்டின் வால் கொழுப்பை விடியற்காலையில் வெறும் வயிற்றில் மூன்று துண்டு சாப்பிட்டால் ரத்த அழுத்தம் தானே இறங்கும், மாத்திரையே வேண்டாம், நாற்பது பேரிடம் சோதித்தாகிவிட்டது என்று கடிதம் சொல்லியது. அனுப்பிவிட்டு வீட்டுக்குள் வந்து, ஒன்றும் அறியாதவர் போல உப்புத் தேநீர் குடித்தார்.

மறுநாள் காலை ஏழு மணி. குழுவில் வந்த செய்தி, குளிர்காலக் காய்ச்சல் தடுப்பூசி எந்தத் தேதியில் போடுகிறார்கள் என்பது.

அதற்கடுத்த நாள், பனியில் வழுக்கி விழாமல் நடப்பது எப்படி.

"ஏம்மா புருல், புதுசா எவனும் ஒண்ணும் எழுதலையா?" என்றார், கையிலிருந்த ரொட்டியை ரொம்பக் கவனமாகப் பிய்த்துக்கொண்டே.

"எவன் எழுதணும்?"

"இல்ல, பெரிய ஆளுங்க. தலைநகர்லேருந்து. பேராசிரியர் மாதிரி."

"அட, ஆமாங்க! ஒருத்தர் எழுதியிருக்கார். நானும் பதில் போட்டிருக்கேன். பாவம், அவருக்கு நேரம் கிடைக்கலையோ என்னமோ."

துருஸ்பெக் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடினார். பழைய கைபேசியில் பதில் காத்திருந்தது.

"மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு வணக்கம். எங்களைப் போன்ற சிறிய ஊர்க்காரர்களையும் நினைத்து எழுதியதற்கு நன்றி. இதை யார் சோதித்தது, எப்போது, அந்த நாற்பது பேர் யார் என்று மட்டும் சொன்னால் உடனே அனுப்பிவிடுகிறேன். புருல்."

மதிப்பிற்குரிய! துருஸ்பெக் இதை மூன்று தடவை படித்தார். வீட்டில் இந்த மரியாதை அவருக்குக் கிடைத்ததே இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதினார்: சோதித்தது நானே. போன வருடம். நாற்பதும் ஆண்கள், அறுபது வயதுக்கு மேல்.

பத்து நிமிஷத்தில் அடுத்த கேள்வி. "நாற்பது பேரும் நலமாக இருக்கிறார்களா?"

"நலமாக இருக்கிறார்கள்."

"முகவரி கிடைக்குமா? ஒரு வாழ்த்து அனுப்பலாம் என்று."

நாற்பது பேருக்கு முகவரி! துருஸ்பெக் ஆடுகளைப் பார்த்தார். ஆடுகள் அவரைப் பார்த்தன. முகவரி ரகசியம் என்று எழுதி ஒருமாதிரித் தப்பித்தார்.

நான்காம் நாள் கேள்வியின் திசையே மாறியது.

"பேராசிரியர் ஐயா, ஒரு சொந்த விஷயம். என் கணவருக்கு அறுபத்தாறு வயது. நல்ல மனுஷர். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு உப்பு போட்டுக்கொள்கிறார். நாள் முழுக்க உட்கார்ந்து ஒன்பது குழி ஆடுகிறார். மூன்று வருஷமாக ரத்தப் பரிசோதனைக்கு வர மாட்டேன் என்கிறார். பத்தாயிரம் மாட்டுக்கு ஊசி போட்டவருக்குத் தனக்கு ஒரு ஊசி என்றால் பயம். நான் என்ன செய்யட்டும்?"

"பயமா? எனக்கா?" என்று துருஸ்பெக் கத்தினார். ஆடுகள் சிதறின.

ஆனால் பேராசிரியர் கோபப்படக்கூடாது. நிதானமாக எழுதினார்: உங்கள் கணவர் உழைத்து ஓய்ந்த சிங்கம். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். நிறைய இறைச்சி கொடுங்கள். உப்பு உடம்புக்கு நல்லது. உட்கார்ந்து ஆடுவது மூளைக்கு நல்லது.

பதில் பறந்து வந்தது. "ரொம்ப சந்தோஷம் ஐயா! இன்றைக்கே கடைப்பிடிக்கிறேன். இது எந்த ஆய்வு, எப்போது, எத்தனை பேரிடம் என்று மட்டும் சொல்லுங்கள். எதையும் ஆதாரம் இல்லாமல் செய்ய மாட்டேன் என்பது உங்களுக்கே தெரியும்."

நிறைய இறைச்சி ஒரு கடித தூரத்தில் இருந்தது. ஆதாரம் ஒன்று கிடைத்தால் போதும். துருஸ்பெக் தேட ஆரம்பித்தார். வீட்டுக்குள் புருல் எந்தெந்த இணையப் பக்கத்தைத் திறக்கிறாள் என்று தோள்வழியே எட்டிப் பார்த்து வைத்திருந்தது உதவியது. சுகாதார அமைச்சகத்தின் பக்கம், முதியோருக்கு மருத்துவர்கள் கேள்வி பதில் எழுதுகிற பக்கம், மருந்துப் பட்டியல். இரண்டு நாள் கொட்டகையிலேயே கிடந்தார். ஆட்டுக்குத் தண்ணீர் வைக்க மறந்தார். ஒன்பது குழிக்குக்கூடப் போகவில்லை.

உப்பு நல்லது என்று ஒரு பக்கமும் சொல்லவில்லை. உட்கார்ந்தே இருங்கள் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. எல்லாப் பக்கமும் கூடிப் பேசி வைத்தது போல ஒரே பாட்டு: உப்பைக் குறை, எழுந்து நட, ரத்தத்தைப் பார்.

ஆனால் ஒரு விஷயம் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. படிக்கச் சலிக்கவில்லை. அவர் படித்த காலத்து மருத்துவப் புத்தகம் எல்லாம் செங்கல் மாதிரி கனக்கும். இது யாரோ எதிரே உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது. புருல் ஆறு மாதமாக ஏழு மணிக்கு அனுப்பிய செய்திகளைத் தோண்டியெடுத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். எங்கேயாவது ஒன்றாவது தப்பாக இருக்கும் என்கிற ஆசையில்தான். ஒன்று. ஒன்றே ஒன்று. இல்லை! "சனியன், சரியாத்தான் பண்ணியிருக்கா" என்று முணுமுணுத்தபோது அந்தக் குரலில் வசவு கொஞ்சமும் பெருமை அதிகமுமாக இருந்ததை ஆடுகள் மட்டும் கேட்டன.

வேறு வழியில்லை. பேராசிரியரின் மானம் இருக்கிறதே. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்: உப்பைப் பாதியாக்கவும். தினம் அரை மணி நேரம் நடக்க வைக்கவும். ரத்தப் பரிசோதனை அவசியம். ஆதாரம் கீழே.

அன்று மதியம் குர்தக் வந்தது. வறுத்த இறைச்சியும் உருளைக்கிழங்கும், பார்க்க அழகாக. வாயில் வைத்தார்.

"என்ன புருல் இது? உப்பைக் காணோம்?"

"பாதி இருக்குதுங்க. பேராசிரியர் சொல்லிட்டார்."

"எந்தப் பேராசிரியன்? எவனோ எழுதினா உன் புருஷன் தட்டுல கை வெப்பியா?"

"எவனோன்னு சொல்லாதீங்க. பெரிய மனுஷர். ஆதாரத்தோட எழுதியிருக்கார். நீங்களே படிங்க, எவ்வளவு தெளிவா இருக்கு."

"படிச்... எனக்கெதுக்கு? அவன் ஒரு முட்டாளா இருந்தா?"

"முட்டாளா? அவரா?" புருல் அகப்பையைக் கீழே வைத்தாள். "நீங்க அவரை அப்படி நினைக்கிறீங்களா?"

துருஸ்பெக் உப்பில்லாத இறைச்சியை மென்றார். "அப்படி ஒண்ணும் மோசமான ஆளா தெரியல" என்றார்.

"சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க. அரை மணி நேரம். ஆத்துப் பாலம் வரைக்கும் போய்த் திரும்பினா சரியா இருக்கும்."

நடந்தார். அடுத்த புதன்கிழமை சட்டைக் கையைச் சுருட்டி ஊசிக்கும் நீட்டினார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டார் என்பதை அந்தச் செவிலிப் பெண் வெளியே சொல்லமாட்டாள் என்று நம்புவோம்.

இத்தனை நடந்தும் வால் கொழுப்புச் செய்தி மட்டும் ஏழு மணிக்கு வரவே இல்லை. துருஸ்பெக்குக்குப் பொறுமை முன்னமே போயிருந்தது. இந்தக் கூத்தெல்லாம் எதற்கு ஆரம்பித்தது? ஆறாம் நாளே அவர் ஒரு காரியம் செய்திருந்தார். அவரோடு ஒன்பது குழி ஆடுகிற ஆண்கள் பதினோரு பேருக்கு என்று தனியாக ஒரு குழு உண்டு. புருல் அதில் இல்லை. அங்கே போட்டுவிட்டால் கைமாறிக் கைமாறி அவளிடம் போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டு, பேராசிரியரின் கடிதத்தை அப்படியே போட்டுவிட்டார். பத்துப் பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். பதினோராவது ஆள் டோக்டோ. அவன் கட்டைவிரலோடு நிற்கவில்லை.

கிர்கிஸில் டோக்டோ என்றால் 'நில்' என்று அர்த்தம். அவனுக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் தங்கவில்லையாம். இவனாவது நிற்கட்டும் என்று அம்மா வைத்த பேர்.

பதினோராம் நாள் காலை டோக்டோ வந்தான். முகம் வேகவைத்த பீட்ரூட் மாதிரி இருந்தது. பலகையை விரித்து உட்கார்ந்தார்கள். டோக்டோ கற்களை அள்ளிக் குழிகளில் போட்டான். ஒரு குழியைத் தாண்டிப் போட்டான். பிறகு இல்லாத குழியில் போட்டான்.

"டேய், என்னடா ஆட்டம் இது?"

"துருஸ், நீ ஏண்டா ரெண்டு பேரா உக்காந்திருக்க?"

துருஸ்பெக் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார். "டோக்டோ, இன்னிக்கு அழுத்த மாத்திரை போட்டியா?"

"மாத்திரையா? அதை நிறுத்தி அஞ்சு நாளாச்சே! வால் கொழுப்புதான். காலைல மூணு துண்டு. இன்னிக்கு அஞ்சா போட்டேன், சீக்கிரம் குணமாகட்டும்னு."

"அட பாவி! போடா, போய் மாத்திரையைப் போடு!"

"ஏன்? பேராசிரியரே சொல்லியிருக்கார்."

"அவன் கிடக்கான் மடையன்! நான் சொல்றேன், போடு!"

டோக்டோ சிரித்தான். சிரிக்கும்போதே தலையைப் பிடித்துக்கொண்டான். "கோவிச்சுக்காதடா. நீ மாட்டு டாக்டர். அவர் பேராசிரியர். நான் யார் பேச்சைக் கேட்கறது?"

துருஸ்பெக் கொட்டகைக்குப் பாய்ந்தார். பழைய கைபேசியை எடுத்து அடித்தார்: அவசரம். என் முந்தைய கடிதம் தவறு. மாத்திரையை நிறுத்தாதீர்கள். பாத்திரோவ். டோக்டோவின் எண்ணுக்கே நேராக அனுப்பிவிட்டு ஓடி வந்தார். டோக்டோ கைபேசியைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, பிறகு எட்ட வைத்துப் படித்தான்.

"பாத்தியா அநியாயத்தை! பேராசிரியர் பேர்ல எவனோ திருட்டுப் பய விளையாடுறான். திடீர்னு 'அவசரம்'னு வந்தா நம்பாதீங்கன்னு நம்ம புருல் குழுவுல அன்னிக்கே சொல்லியிருக்கா."

"அது திருட்டு இல்லடா!"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஏன்னா அவன் நான்தான்டா!"

"உனக்கும் தலை சுத்துதா துருஸ்?" என்றான் டோக்டோ அன்பாக. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். கற்கள் தரையெல்லாம் உருண்டன.

"புருல்!" என்று துருஸ்பெக் கத்திய கத்தல் ஆற்றுப் பாலம் வரை கேட்டிருக்கும்.

அவள் மாவுக் கையோடு வந்தாள். ஒரு பார்வை. கையைத் துடைத்தாள். டோக்டோவைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்து, அழுத்தம் பார்க்கிற பட்டையைச் சுற்றினாள். நூற்றுத் தொண்ணூறு, நூற்றுப் பத்து. இன்னொரு கையால் மருத்துவமனைக்கு அழைத்து, வயது, எண், மாத்திரையின் பேர், நிறுத்தி எத்தனை நாள் என்று இணைப்பகத்தில் பேசுகிற அதே குரலில் வரிசையாகச் சொன்னாள். "அவங்க வண்டி பக்கத்து ஊர்ல இருக்காம். நம்ம காரை எடுங்க. தயாரா இருக்கச் சொல்லிட்டேன்." துருஸ்பெக்குக்குச் சாவி எங்கே என்பதே மறந்துபோயிருந்தது. சாவியையும் அவளே அவர் கையில் வைத்தாள்.

டோக்டோ பிழைத்தான். இரண்டு நாள் படுக்கையில் இருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. "இன்னும் ரெண்டு நாள் இப்படியே விட்டிருந்தா நான் உறுதி சொல்ல முடியாது" என்றும் சொன்னார்.

தாழ்வாரத்துப் பெஞ்சில் துருஸ்பெக் எல்லாவற்றையும் கொட்டினார். பழைய கைபேசி, புது எண், பாத்திரோவ், பதினோரு பேர் குழு.

"உனக்குத் தெரியாதுல்ல?" என்றார் முடிவில்.

"முதல் கடிதத்துலயே தெரியும். கடைசி வரியைப் படிச்சீங்களா?"

அவர் கைபேசியை எடுத்தார். கடைசி வரி இருந்தது. முப்பத்தோரு வருஷம் எழுதி எழுதிக் கை தானாக எழுதிவிட்ட வரி: அளவு, தலைக்கு நூறு கிராம். சினைப் பருவத்தில் தவிர்க்கவும்.

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"என்கிட்டயே இருக்கிற வரைக்கும் ஆபத்து இல்லன்னு இருந்தேன். நாப்பதையும் முகவரியையும் கேட்டாலே சலிச்சுப்போய் விட்டுருவீங்கன்னு நெனச்சேன். அந்தப் பதினோரு பேருக்கு அனுப்புவீங்கன்னு நினைக்கல." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க போட்ட ஊசியில ஒரு தடவை ஒரு மாடு செத்துப்போச்சு. மூணு நாள் சாப்பிடாம கிடந்தீங்க. அந்த மனுஷனைத்தான் நான் கட்டிக்கிட்டேன். இது மாடு இல்லீங்க. டோக்டோ."

துருஸ்பெக் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் தொப்பிக்குள்ளேயே இருந்தார். அவள் எழுந்து போகவில்லை.

அப்போது டாக்டரம்மா திரும்பி வந்தார். "துருஸ்பெக் நீங்கதானே? உங்க ரத்தப் பரிசோதனை வந்திருக்கு. சர்க்கரை லேசா எட்டிப் பாக்குது. பயப்படாதீங்க, ஆரம்பம்தான். சாப்பாட்டுலயும் நடையிலயும் இப்பவே பிடிச்சா அடக்கிடலாம். ஒரு வருஷம் கழிச்சு வந்திருந்தா கதை வேற. யார் உங்களை வரச் சொன்னது?"

துருஸ்பெக் தரையைப் பார்த்தார். "ஒரு பேராசிரியர்."

"நல்ல மனுஷர். நான் நன்றி சொன்னதா சொல்லுங்க."

"சொல்லிடுறேன் டாக்டர்" என்றாள் புருல். "தினமும் பாக்குற ஆள்தான்."

வீட்டுக்கு வந்ததும் துருஸ்பெக் அந்தப் பழைய கைபேசியை அடுப்பில் போடக் கிளம்பினார். புருல் தடுத்தாள்.

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் வெச்சிருங்க. நூலகத்துல பேராசிரியர் பாத்திரோவ் பேசறார். பொய்ச் செய்தி எப்படித் தயாராகுதுங்கறதுதான் தலைப்பு. போன வாரமே நூலகத்து வாசல்ல எழுதி ஒட்டிட்டேன்."

"போன வாரமேவா! நான் மாட்டேன். ஊர் முன்னாடி என் மானம்..."

"அந்தப் பதினோரு பேர்ல இன்னும் யார் யார் கொழுப்பு தின்னுக்கிட்டு இருக்காங்களோ? அவங்ககிட்ட யார் சொல்றது?"

அன்று சாயங்காலமே பத்து வீட்டுக்கும் நடந்தே போய், கொழுப்பை விட்டு மாத்திரையைப் போடச் சொன்னார். செவ்வாய்க்கிழமை கோட்டுப் போட்டுக்கொண்டு நூலகத்துக்கும் போனார்.

எண்பது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் டோக்டோ, மருத்துவமனையிலிருந்து அப்போதுதான் வந்தவன், வெளுத்த முகத்தோடு. எல்லாரும் தலைநகர்க்காரரை எதிர்பார்த்துக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துருஸ்பெக் மேடையில் ஏறினார்.

"பேராசிரியர் வரமாட்டார்" என்றார். "வந்துட்டார். நான்தான்."

அவர் ஒளிக்காமல் சொன்னார். பொறாமையைச் சொன்னார். கொட்டகையைச் சொன்னார். "நாப்பது பேர்னு போட்டேன். ஏன்னா நாலுன்னா சிரிப்பீங்க, நாலாயிரம்னா சந்தேகப்படுவீங்க. தலைநகர்னு போட்டேன். கொச்கோர்னா மதிக்கமாட்டீங்க. மாத்திரை வேணாம்னு போட்டேன். ஏன்னா நம்ம எல்லாருக்கும் அதைக் கேக்கத்தான் ஆசை. இதையெல்லாம் நம்பாம என்னைக் கேள்வி மேல கேள்வி கேட்டது இந்த ஊர்ல ஒரே ஒருத்திதான். நான் முப்பத்தோரு வருஷம் டாக்டரா இருந்தேன். அவ ஆறு மாசத்துல என்னைவிடப் பெரிய டாக்டராயிட்டா. டோக்டோ, நீ என்னை மன்னிக்க வேணாம். மாத்திரையை மட்டும் போடு."

டோக்டோ மெல்ல எழுந்தான். மேடைப் பக்கம் திரும்பாமல் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். "இவன் என்னைக் கொல்லப் பாத்தான். இவனேதான் கார் ஓட்டிக் கொண்டுபோய்ச் சேத்தான். வழி நெடுக அழுதுக்கிட்டே ஓட்டினான், அதுலதான் நான் சாகப் போறேன்னு நினைச்சேன்."

சிரிப்பு வெடித்தது. டோக்டோ கையை நீட்டினான். துருஸ்பெக் இறங்கி வந்து அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் கேள்விகள். இந்தச் செய்தி நிஜமா, அந்தப் பக்கம் நம்பலாமா, இந்தக் காணொளியில் வருகிற வெள்ளைக் கோட்டுக்காரர் யார்? துருஸ்பெக் தெரிந்ததைச் சொன்னார், தெரியாததை "புருலைக் கேளுங்க" என்றார். கடைசியில் கை தட்டினார்கள்.

திரும்பி வருகிற வழியில் அவருக்குக் கார் தரையில் ஓடுவதாகவே தெரியவில்லை.

"பாத்தியா புருல்? எனக்குத்தான் கை தட்டினாங்க. கூட்டமே என்னை விட்டுக் கண்ணை எடுக்கல."

"ஆமாங்க. நல்லாத்தான் பேசினீங்க. நிஜமாவே."

அவள் இப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை. கொஞ்ச தூரம் அதை ருசித்துக்கொண்டே ஓட்டினார். பிறகு ஒன்று உறுத்தியது.

"நான் பேசி முடிச்சதும் அந்த உம்சுனாய் உன் காதுல ஏதோ சொன்னா. ரெண்டு பேரும் அப்படிச் சிரிச்சீங்க. என்ன அது?"

"ஒண்ணுமில்ல. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

"அட சொல்லு. என் பேச்சைப் பத்தித்தானே?"

"உங்களைப் பத்தித்தான். 'அக்கா, அண்ணன் பத்து நாளா திருட்டு நம்பர்லேருந்து ஒரு பொம்பளைக்குக் கடிதமா எழுதியிருக்காரே, இனிமே உங்களுக்குப் பயமா இருக்காதா'ன்னு கேட்டா."

துருஸ்பெக் மீசையைத் தடவிக்கொண்டார். கண்ணாடியில் ஒரு தடவை தன்னைப் பார்த்துக்கொண்டார். "நீ என்ன சொன்ன?"

"'பயப்படாதடி, என் நம்பரைத் தவிர வேற எந்தப் பொம்பளை நம்பரையும் எப்படிச் சேக்கறதுன்னு நான் இன்னும் அவருக்குச் சொல்லிக் குடுக்கல'ன்னேன்."